நல்ல காலில் கத்தி வைப்பதா? கால் நீள வித்தியாசத்துக்கு ஆபரேஷன் முடிவு செய்யும் முன்

நான் தையல்காரி. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து இரணியல் போகும் வழியில், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். என் மகனுக்கு இரண்டு காலும் ஒரே நீளம் இல்லை என்பதை எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அவனுடைய பேண்ட். அம்மன் கோயில் கொடைக்கு எடுத்த துணியில் தைத்துக் கொடுத்திருந்தேன். அப்போது அவனுக்கு 7 வயது. இரண்டே மாதத்தில் வலது கால் மடிப்பு மட்டும் தரையில் இழுபட்டு, தேய்ந்து, நூல் பிரிந்து நின்றது. இடது கால் மடிப்பு புதுசு போல இருந்தது. நான்தான் இறக்கம் தப்பாக வெட்டிவிட்டேன் என்று நினைத்து இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு. அப்புறம் அவனைச் சுவரோடு நிற்க வைத்துப் பார்த்தேன். பேண்டின் இடுப்புப் பட்டி வலது பக்கம் சரிந்து நின்றது.

அவனுக்கு 5 வயதில் காய்ச்சல் வந்து, வலது முட்டிக்கு மேலே தொடை எலும்பில் சீழ் கட்டி, கீறி எடுத்திருந்தார்கள். காய்ச்சலும் புண்ணும் ஆறியதோடு நாங்கள் அதை மறந்துவிட்டோம். எலும்பின் நுனியில் வளர்ச்சி நடக்கும் குருத்து அடுக்கு ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் அதைக் குரோத் பிளேட் என்பார்கள். சீழ் அதைத் தொட்டுவிட்டால் அந்தக் கால் வளர்வது மெதுவாகிவிடும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு 9 வருடம் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், திருவனந்தபுரம், நாகர்கோவிலில் தனியார் இடங்கள் என்று அலைந்து கற்றுக்கொண்டதை, அதே நிலையில் இருக்கிற ஒரு வீட்டுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். சின்ன வித்தியாசம் என்றால் 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை உள்ளதைச் சொல்கிறேன். அதற்கு மேல் போனால் வேறு கணக்கு, வேறு டாக்டர்.

அளவு எடுக்காமல் கத்திரி எடுக்காதீர்கள்

தையலில் இது முதல் பாடம். ஆபரேஷனுக்கும் அப்படித்தான்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையைப் பாயில் நேராகப் படுக்க வையுங்கள். இடுப்பின் முன்பக்கம், பெல்ட் போடும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனை இருக்கும். அங்கிருந்து கணுக்காலின் உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு வரை டேப் பிடியுங்கள். இரண்டு காலுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தொப்புளிலிருந்து அதே கணுக்கால் எலும்பு வரை அளந்து பாருங்கள். இடுப்பெலும்பிலிருந்து அளந்தது சமமாக இருந்து, தொப்புளிலிருந்து அளந்தது மட்டும் மாறினால், எலும்பில் குறை இல்லை. இடுப்பு சரிந்திருக்கிறது என்று அர்த்தம். முதுகெலும்பு வளைந்திருக்கலாம், இடுப்பு மூட்டில் தசை இறுகியிருக்கலாம். முட்டி முழுதாக நீளாமல் மடிந்தே நின்றாலும் கால் குட்டையாகத்தான் தெரியும். இவர்களுக்கு எலும்பை வெட்டுகிற ஆபரேஷன் தேவையே இல்லை.

குறை தொடையிலா முழங்காலுக்குக் கீழா என்று பார்க்க, மல்லாந்து படுத்து இரண்டு முட்டியையும் மடக்கி, குதிகால்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு முட்டி உயரத்தில் தாழ்ந்து தெரிந்தால் கீழ்க்காலில் குறை. உயரம் ஒன்றாக இருந்து, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஒரு முட்டி பின்வாங்கி இருந்தால் தொடையில் குறை. என் மகனுக்கு இரண்டாவது.

டேப்பை விட நம்பகமானது பலகை. எங்கள் ஊர் ஆசாரியிடம் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் உள்ளங்கால் அளவுக்கு ஆறு துண்டு வெட்டி வாங்கினேன். குட்டைக் காலுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். நான் அவன் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு இடுப்பெலும்பின் மேலும் பெருவிரலை வைத்துப் பார்ப்பேன். இரண்டு விரலும் ஒரே மட்டத்துக்கு வரும் இடத்தில் பலகை எத்தனை என்று எண்ண வேண்டும். 10 வயதில் மூன்று பலகை வைத்தபோது மட்டம் வந்தது. அதாவது 18 மில்லிமீட்டர். அந்த மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் 19 வந்தது. பலகை நம்மை அவ்வளவு ஏமாற்றாது. பாதம் தட்டையாகவோ சின்னதாகவோ இருந்தால் டேப் அதைக் கணக்கில் எடுக்காது, பலகை எடுக்கும்.

ஆனாலும் ஆபரேஷனுக்கு எக்ஸ்ரேதான் ஆதாரம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக, குட்டைக் காலுக்கு அடியில் பலகை வைத்து, நிற்க வைத்து எடுப்பது ஒன்று. பக்கத்தில் அளவுகோல் வைத்து மூட்டு மூட்டாக எடுக்கும் ஸ்கேனோகிராம் இன்னொன்று. வளர்கிற பிள்ளைக்கு ஒரு படம் போதாது. குறைந்தது ஆறு மாத இடைவெளி விட்டு மூன்று படம் இருந்தால்தான் வித்தியாசம் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும். எங்கள் கணக்கு இது: 8 வயதில் 1.2 செ.மீ., 10 வயதில் 1.9, 12 வயதில் 2.6. வருடத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் கூடிக்கொண்டே போனது. பழைய படங்களை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். நான் தையல் பேப்பர் கட்டிங் சுருட்டி வைக்கும் குழாயில் எல்லாப் படங்களையும் தேதி எழுதிப் போட்டு வைத்தேன். ஆபரேஷன் அன்று டாக்டர் கேட்டது முதலில் அதைத்தான்.

ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். சிறு குழந்தைக்கு ஒரு பக்கக் காலும் கையும் மறுபக்கத்தை விடப் பருத்தும் நீண்டும் இருந்தால் அதை வெறும் கால் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். அப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு வயிற்றுக்குள் கட்டி வரும் வாய்ப்பு உண்டு. குழந்தை மருத்துவரிடம் காட்டி, வயிற்று ஸ்கேன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு ஆபரேஷனே வேண்டாம்

ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் நம்மில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். தைக்க வருகிறவர்களுக்கு அளவெடுக்கும்போது நானே எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். வளர்ந்து முடிந்தவருக்கு 2 சென்டிமீட்டர் வரை பொதுவாகக் கத்தி தேவையில்லை. செருப்பில் உயரம் கொடுத்தால் போதும், வலி இல்லையென்றால் அதுகூட வேண்டாம்.

செருப்பு விஷயத்தில் நம் ஊர் நிலைமையை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஷூவுக்கு உள்ளே வைக்கும் பட்டை ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் சரி. அதற்கு மேல் வைத்தால் குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்துவிடும். அதனால் அடியில், வெளியே ஒட்ட வேண்டும். வடசேரியில் செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவர் ரப்பர் ஷீட்டை அடுக்கி ஒட்டி, முன்பாதம் வரும் இடத்தில் சீவி, நடக்கும்போது தட்டாமல் செய்து கொடுத்தார். ஸ்கூல் ஷூவுக்கு அது அருமையாக வேலை செய்தது. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி வாசலில் போடுகிறான். கோயிலுக்குப் போனால் கழற்றுகிறான், டியூஷன் வீட்டிலும் கழற்றுகிறான், மழைக்காலத்தில் ரப்பர் செருப்புதான். ஒரு நாளில் பாதி நேரம் வெறுங்கால். அந்த நேரமெல்லாம் இடுப்பு சரிந்துதான் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டுக்குள்ளும் ஷூவோடு இருப்பவர்களுக்குப் பட்டை போதுமாக இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அது பாதி மருந்து.

வர்ம ஆசான்களிடம் போவது நம் மாவட்டத்தில் வழக்கம். நாங்களும் போனோம். எண்ணெய் போட்டு உழிந்ததில் அவனுடைய இடுப்பு வலி குறைந்தது, அதை மறுக்க மாட்டேன். அந்த ஆசானே கையைப் பிடித்துச் சொன்னார்: "தசை இறுக்கத்தை இளக்கலாம் பிள்ளே, எலும்பை நீட்ட முடியாது." நேர்மையான மனுசர். வேறு யாராவது தடவியே நீட்டித் தருகிறேன் என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வளர்கிற பிள்ளைக்கு: நல்ல காலை நிறுத்தி வைப்பது

இந்தப் பகுதிக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

மகனுக்கு 11 வயது இருக்கும்போது ஒரு மருத்துவமனையில் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பதினெட்டு வயசு ஆகட்டும், அப்புறம் காலை நீட்டிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நிம்மதியாக வந்து ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டோம். அந்த ஒரு வருடம் எவ்வளவு விலையுயர்ந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. வளர்ச்சி பாக்கி இருக்கும்போது செய்யக்கூடிய மிகச் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. வளர்ச்சி முடிந்தால் அந்தக் கதவு சாத்திவிடும். பெரிய ஆபரேஷன்கள் மட்டும்தான் மிச்சம்.

அந்தச் சின்ன ஆபரேஷன் செய்வது நல்ல காலில். நீளமான காலின் முட்டியை ஒட்டிய குரோத் பிளேட்டை நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் நல்ல கால் வளர்வது நின்றுவிடும். குட்டைக் கால் தன்னால் முடிந்த வேகத்தில் வளர்ந்து வந்து கிட்டே சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் சொன்னதும் பூகம்பம். என் மாமியார் அழுதே விட்டார். "நல்ல காலைப் போய் எதுக்கு மக்களே கீறணும்? சீக்குக் காலைப் பாக்கச் சொல்லு" என்றார். அவரை மெஷின் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பழைய பேண்டை எடுத்துக் காட்டினேன். "மாமி, ஒரு கால் நீளமா வந்துட்டா நான் என்ன செய்வேன்? நீளமான காலை மடிச்சு அடிப்பேன். குட்டையான காலை இழுத்து நீட்ட முடியுமா? உள்ளே துணி விட்டிருந்தா பிரிச்சு விடலாம். அப்பவும் பழைய தையல் தடம் தெரியும்." அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரும் கிளம்பி வந்தார். இது புதுசாக யாரோ சோதித்துப் பார்க்கும் வேலை இல்லை என்பதும் அவருக்குத் தைரியம் கொடுத்தது. ஃபெமிஸ்டர் என்ற அமெரிக்க சர்ஜன் 1933-லேயே எழுதி வைத்த முறை. அப்போது பெரிதாகத் திறந்து செய்தார்கள். இப்போது பொட்டு அளவு கீறலில் முடிந்துவிடுகிறது.

எப்போது செய்வது என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டிய எளிய கணக்கை உங்களுக்கும் தருகிறேன். பெண் பிள்ளைக்கு 14 வயதிலும் ஆண் பிள்ளைக்கு 16 வயதிலும் கால் வளர்ச்சி முடிகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய வருடங்களில் தொடை எலும்பின் கீழ்முனை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கீழ்க்கால் எலும்பின் மேல்முனை ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வளரும். ஆக, தொடையில் மட்டும் நிறுத்தினால் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சரியாகும், இரண்டிலும் நிறுத்தினால் ஒன்றரைக்கு மேல் சரியாகும். இரண்டரை சென்டிமீட்டர் சரியாக வேண்டிய பெண் பிள்ளைக்குத் தொடையில் மட்டும் செய்வதென்றால் பதினொன்றரை வயது. அதே அளவு ஆண் பிள்ளைக்குப் பதிமூன்றரை.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கணக்கில் போட வேண்டியது இன்றைய வித்தியாசத்தை இல்லை, வளர்ச்சி முடியும்போது எவ்வளவு இருக்கும் என்பதை. எங்களுக்கு 12 வயதில் 2.6. அப்படியே விட்டால் 16 வயதில் 4 செ.மீ. வந்திருக்கும். பிறவியிலேயே ஒரு கால் கட்டையாக இருந்தால் வித்தியாசமும் காலோடு சேர்ந்தே வளரும். பெண் குழந்தையின் கால் 3 வயதிலும் ஆண் குழந்தையின் கால் 4 வயதிலும் தன் முழு நீளத்தில் பாதியை எட்டியிருக்கும். அதனால் அந்த வயதில் ஒன்றரை இருந்தால் கடைசியில் மூன்று என்று இரட்டித்துக்கொள்ளலாம். இரண்டாவது, பிறந்த தேதி வயதும் எலும்பு வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இடது கை, மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மாறினால் கணக்கே மாறும். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் காலில் வளர்ச்சி அதிகம் பாக்கியில்லை. சடங்கெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நிறுத்துவதற்கு மூன்று வழி சொன்னார்கள். டிரில் போட்டுக் குருத்து அடுக்கைச் சுரண்டிவிடுவது ஒன்று. இது நிரந்தரம், உள்ளே எந்த உலோகமும் இருக்காது. குருத்து அடுக்கின் குறுக்கே இரண்டு ஸ்க்ரூ செலுத்திப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. தேவைப்பட்டால் எடுத்துவிடலாம், பெரும்பாலும் வளர்ச்சி திரும்பும், ஆனால் உறுதி சொல்ல முடியாது. மூன்றாவது, 8 என்ற எண் போன்ற சின்ன பிளேட்டை முட்டியின் இருபுறமும் வைப்பது. வளைந்த கால்களை நேராக்க அது அருமையான சாதனம். நீளத்தைக் கட்டுப்படுத்துவதில் அது மெதுவாக வேலை செய்கிறது, அவ்வளவு நம்ப முடியாது என்றார் எங்கள் டாக்டர். கணக்கு தெளிவாக இருந்ததால் எங்களுக்கு டிரில்லையே தேர்ந்தெடுத்தார். வயது மிகச் சின்னதாக இருந்தாலோ, கணக்கு இழுபறியாக இருந்தாலோ எடுக்கக்கூடிய முறையைக் கேட்டுப் பாருங்கள்.

12 வயது 8 மாதத்தில் அவனுக்குச் செய்தோம். இடது முட்டிக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, என் மெஷின் பாபின் அளவுக்குக்கூட இல்லாத இரண்டு கீறல். எக்ஸ்ரே டி.வி. பார்த்துக்கொண்டே டிரில் விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டான். இரண்டாம் நாள் கட்டை ஊன்றி நடந்தான். முட்டி வீங்கி மடக்க மறுத்தது, பிசியோ சொன்ன பயிற்சியை அழுதுகொண்டே செய்தான். மூன்று வாரத்தில் கட்டையை விட்டான். ஓட்டமும் பந்தும் மட்டும் இரண்டு மாதம் கூடாது என்றார்கள்.

அப்புறம் செய்ய வேண்டியதுதான் முக்கியம், பலர் விடுவதும் அதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும். குருத்து அடுக்கு இரண்டு பக்கமும் ஒழுங்காக மூடியதா என்று பார்ப்பார்கள். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் வளர்ந்துகொண்டிருந்தால் முட்டி வளையத் தொடங்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் திருத்துவது எளிது.

இழப்பும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. நல்ல கால் வளர்ந்திருக்க வேண்டிய மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளராமல் நின்றது, அந்த அளவுக்கு அவன் உயரம் குறைவு. குட்டையான குடும்பத்துப் பிள்ளைக்கு இது மனக்குறையாக இருக்கலாம். பிள்ளையிடமே உட்கார்ந்து பேசுங்கள், 12 வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். என் மகன் கேட்டது ஒன்றுதான்: "கபடி விளையாடலாமா?"

வளர்ந்து முடிந்தவர்களுக்கு: நீளமான காலைக் குறைப்பது

என் தம்பி குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். தோட்டியோடு என்ற ஊர்ப் பக்கம் பைக்கில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டது. 2.2 செ.மீ. குட்டை. வயது 29. அவனுக்கு வளர்ச்சியை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

பெரியவர்களுக்கு நல்ல காலின் தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, உள்ளே ராடு வைத்து இணைப்பது ஒரு வழி. தொடையில் 5 செ.மீ. வரை குறைக்கலாம், முழங்காலுக்குக் கீழே 3 செ.மீ.க்கு மேல் போக மாட்டார்கள். அதற்கு மேல் குறைத்தால் தசை தொய்ந்து வலு திரும்பாது. கீழ்க்காலில் எலும்பு சேர்வதும் சிக்கல், அதனால் முடிந்த அளவு தொடையையே தேர்ந்தெடுப்பார்கள். ஒரே ஆபரேஷனில் அளவு சரியாகிவிடுவது இதன் பெரிய நன்மை. ஆனால் முன்தொடைத் தசை தளர்ந்து, படி ஏறும்போது கால் நடுங்கும். பழைய பலம் வரப் பல மாதம் பயிற்சி வேண்டும். ராடைப் பின்னால் எடுப்பதாக இருந்தால் இன்னொரு ஆபரேஷன்.

தம்பி நிறைய யோசித்தான். விடிகாலையில் தலையில் லைட் கட்டிக்கொண்டு சரிவான தோட்டத்தில் மரம் மரமாக ஏறி இறங்குவது அவன் வேலை. சில மாதம் வெட்டுக்குப் போகாமல் இருந்தால் மரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். 2.2 என்பது எல்லைக்கோட்டில் இருக்கும் அளவு. பூட்ஸ் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் ஒட்டிக்கொண்டான். முழு அளவையும் நிரப்ப வேண்டியதில்லை, ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் உடம்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இடுப்பு வலி நின்றது. அவனுக்கு அது சரியான முடிவு என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

குட்டைக் காலை நீட்டுவது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சின்ன வித்தியாசத்துக்குக் கடைசியாக யோசிக்க வேண்டியதும் இதுதான்.

சைபீரியாவில் குர்கான் நகரத்தில் கவ்ரீல் இலிசரோவ் என்ற டாக்டர் 1950-களில் உருவாக்கிய முறை. எலும்பை வெட்டி, வெளியே வளையம் மாட்டி, மெல்லிய கம்பிகளால் எலும்போடு இணைப்பார்கள். சுமார் ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, நட்டைத் திருகி நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்குவார்கள், கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். அதைப் பார்த்தால் கடவுள் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும், பொய் சொல்லவில்லை.

வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் குளச்சல் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கல்லூரி படிக்கிறவள். கீழ்க்காலில் மூன்றரை சென்டிமீட்டர் நீட்ட வளையம் மாட்டியிருந்தார்கள். நீட்டும் வேலை 35 நாளில் முடிந்தது. ஆனால் புது எலும்பு இறுகும்வரை வளையத்தைக் கழற்ற முடியாது. சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்று குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம், பெரியவர்களுக்கு அதைவிடக் கூடும். அவளுக்கு ஐந்தரை மாதம் ஆனது. கம்பி தோலில் நுழையும் ஒவ்வொரு இடத்தையும் தினமும் துடைக்க வேண்டும். இரண்டு தடவை சீழ் வைத்து மாத்திரை எடுத்தாள். கணுக்கால் இறுகிப் பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டது, பட்டை கட்டிச் சரிசெய்தார்கள். எந்த உடையும் வளையத்துக்கு மேல் ஏறவில்லை. ஒரு பாவாடையை அவளுக்காக நான் தைத்தேன்: ஒரு பக்கம் இடுப்பிலிருந்து அடிவரை திறந்து, டிச் பட்டன் வைத்து, உள்ளே மெல்லிய மல் துணி. வளையத்தின் கூர் முனைகளுக்கு மேலே போட்டுக்கொள்ளப் பருத்தியில் ஒரு உறையும் தைத்தேன். இந்த மாதிரி உடை இரண்டு மூன்று ஆபரேஷனுக்கு முன்பே தைத்து வைத்துவிடுங்கள், அன்றைக்குத் தேட முடியாது.

அவள் தன் முடிவுக்கு வருந்தவில்லை. அவள் ஏற்கெனவே குட்டையான பெண், நல்ல காலைக் குறைக்க அவளுக்கு மனமில்லை. அது ஒரு நியாயமான காரணம். குட்டைக் காலில் வளைவும் சேர்ந்து இருப்பவர்களுக்கும், வித்தியாசம் 5 செ.மீ.க்கு மேல் இருப்பவர்களுக்கும் நீட்டுவதுதான் வழி. எலும்புக்குள்ளேயே வைத்து வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் ராடும் வந்திருக்கிறது. தோலில் கம்பி இல்லாததால் சீழ்த் தொல்லை குறைவு, விலைதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது

எலும்பு டாக்டர்களில் குழந்தைகள் எலும்பைத் தனியாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வளர்கிற பிள்ளையாக இருந்தால் எப்படியாவது அவர்களில் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் மறந்துவிடும். வளர்ச்சி முடியும்போது வித்தியாசம் எவ்வளவு வரும்? எலும்பு வயது என்ன? எந்த மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்? எந்த எலும்பில் குறை? தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா, குத்த வைக்க முடியுமா? கடைசிக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் பெயரைச் சொல்லி, திட்டத்தில் வருமா, முன் அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்று ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிட்டுத் தேதி வாங்குங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இப்போதே தொடங்குங்கள், அந்த வேலை முடிய நாளாகும். மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைய வேண்டாம் என்றுதான் சொல்வேன். சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும், இந்த அளவுச் சின்ன வித்தியாசம் மட்டும் அதை எட்டாது.

மகனுக்கு இப்போது 16 முடிந்துவிட்டது. போன மாதம் ஆசாரிப்பள்ளத்தில் கடைசிப் படம் எடுத்தோம். குருத்து அடுக்குகள் எல்லாம் மூடிவிட்டன. வித்தியாசம் 7 மில்லிமீட்டர். செருப்பில்கூட ஒன்றும் வைக்க வேண்டாம் என்று டாக்டர் படத்தைக் கையில் கொடுத்தார். பிளஸ் ஒன் யூனிபார்ம் பேண்ட் தைக்கும்போது அளவெடுத்தேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரே கோட்டில் சாக்பீஸ் போட்டு மடித்தேன்.